பீரோ வாய் திறந்த கதை

அவரை எல்லோரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி, போகிற வீட்டில் இறக்கிக் கொடுப்பது அவருடைய வேலை. இளவயதில் ஒரு முறை, லிஃப்ட் கெட்டுக் கிடந்த கட்டடத்தில், ஒரு இரும்புப் பீரோவை முதுகில் வாரால் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக உச்சி மாடி வரைக்கும் ஏறிவிட்டார். அந்த வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாராம். அன்றைக்கு ஒட்டிய பேர். அவருடைய அக்கா மட்டும் வேறு காரணம் சொல்வாள். "சாவியத் தொலைச்ச பீரோ அது. உள்ள என்ன இருக்குன்னு உடைச்சுத்தான் பாக்கணும்."

அவர் மனைவி, ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வாங்கி வெளுத்துக் கொடுக்கிற சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். இஸ்திரியம்மா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. வேலை முழுக்க நின்றபடிதான். சூட்டில் பழகிப் பழகி அவளுடைய விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. கொதிக்கிற பாத்திரத்தைத் துணியில்லாமல் அடுப்பிலிருந்து இறக்கிவிடுவாள்.

இவர்கள் கல்யாணமே ஒரு வீடு மாற்றத்தில் முடிவானதுதான். அவளுடைய அப்பா போன பிறகு, அம்மா பெரிய வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு சின்ன வீட்டுக்குப் போனாள். சாமான் ஏற்ற வந்தவர் பீரோ. ஏற்றும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை, இறக்கும்போதும் பேசவில்லை. எல்லாம் முடிந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கேட்டது அம்மாவிடம், பார்த்தது இவளை. கொஞ்ச நாளில் அவருடைய அக்கா வந்து பெண் கேட்டுவிட்டாள். இஸ்திரியம்மாவின் சின்ன அத்தை, அதாவது அப்பாவுக்குக் கடைசித் தங்கை, கண்ணை மூடுகிற வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "சாமானோட சாமானா எங்க பொண்ணையும் ஏத்திட்டுப் போயிட்டான்யா!"

பெண்ணோடு அவள் தம்பியும் போனான். அன்றைக்கு லாரியின் பின்னால் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டவன், பிறகு இறங்கவே இல்லை. வளர்ந்து, வண்டி ஓட்டக் கற்று, லாரிக்கு டிரைவராகி, மாமா முன்பக்கம் பிடித்தால் பின்பக்கம் பிடிக்கிற ஆளும் ஆனான். எந்நேரமும் உதட்டைக் குவித்து ஏதாவது மெட்டு ஊதிக்கொண்டே இருப்பதால் அவனுக்கு விசில் என்று பேர்.

இந்தச் சுமை வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சுமை தோளில் இருக்கும்போது 'கனம்' என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. பீரோவின் பெரியப்பா ஒருவர் அதே தொழிலில் இருந்தார். ஒரு இரும்புப் பெட்டகத்தைப் படியில் இறக்கும்போது, மேல்படியில் நின்ற பெரியப்பா தன்னை மறந்து "கனமா இருக்குடா" என்றுவிட்டார். கீழே பிடித்திருந்தவருக்குக் காதில் விழுந்ததுதான் தாமதம், முழங்கால் தளர்ந்துவிட்டது. பெட்டகம் நழுவியது. கீழே நின்றவர் பீரோவின் அப்பா. அவருடைய வலது கையில் அதற்குப் பிறகு விரல்கள் சரியாக மடங்கியதே இல்லை. அதனால் அந்தக் குடும்பத்தில் தூக்கி இறக்குகிற எல்லோருக்கும் இது ரத்தத்தில் ஊறியிருந்தது. உயிரே போனாலும் சரி, சுமையைத் தரையில் வைத்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. லாரியின் முன்பக்கம், கண்ணாடிக்கு அடியில் ஒரு தகர டப்பா. அதில் கயிறு, டேப், சின்னக் கத்தி, கையுறை, வெள்ளை. வெள்ளை என்றால் ஒரு மாத்திரை அட்டை. உடம்பு வலிக்குப் போடுவது. மருந்துக்கடையில் கேட்டால் ஒன்றும் விசாரிக்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். ஃபிரிட்ஜ் என்றால் ஒன்று, அதைவிடப் பெரியது என்றால் இரண்டு. "டீ குடிச்சாச்சா, வெள்ளை போட்டாச்சா, வா ஏத்தலாம்" என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். கயிறு எப்படியோ, கையுறை எப்படியோ, வெள்ளையும் அப்படி. அதுவும் வேலைக்கு வேண்டிய ஒரு சாமான். அதை மாத்திரை என்று அந்த லாரியில் யாருமே நினைத்ததில்லை. நின்று நின்று கால் கடுத்த நாட்களில் இஸ்திரியம்மாவும் தம்பியிடம் பாதி வாங்கி வாயில் போட்டுக்கொள்வாள். அவளும் அதை மாத்திரை என்று நினைத்ததில்லை.

இப்படித் தூக்கித் தூக்கி, கடைசியில் அவருடைய முதுகே மக்கர் பண்ணிவிட்டது. இடுப்பில் பிடித்த வலி தொடை வழியாக இறங்கிக் கெண்டைக்காலைக் கவ்வியது. செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை. விசில் ஊதுகிறவன் ஊதாமல் வந்து சொன்னதால்தான் இஸ்திரியம்மாவுக்கே தெரிந்தது. "அக்கா, மாமா இன்னிக்கு ஒரு நாற்காலியத் தூக்க முடியாம லாரிப் பலகையில உக்காந்துட்டாரு. நாற்காலி அக்கா! வெறும் மர நாற்காலி!"

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, எலும்புக்கு நடுவே இருக்கிற மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் பண்ணி அழுத்தத்தை எடுத்துவிட்டால் நடக்கலாம் என்றார். தூக்கக் கூடாது, ஆனால் நடக்கலாம். பீரோ தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து இஸ்திரியம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "நடந்தாப் போதும், இல்ல?"

"போதும். நீங்க எங்கூட நடந்து வந்தாப் போதும், வேற யாரத் தூக்கப் போறீங்க?" என்றாள் அவள்.

சேர்க்கும்போது ஒரு நர்ஸ் வந்து உட்கார்ந்து நிதானமாகக் கேட்டாள். சர்க்கரை உண்டா, இருதயக் கோளாறு உண்டா, ரத்தம் மெலிசாக ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா, வேறு மாத்திரை ஏதாவது?

"ஒண்ணும் கிடையாதும்மா" என்றார் பீரோ.

"வலிக்கு? கடையில வாங்கிப் போட்டாக்கூடச் சொல்லணும்."

இஸ்திரியம்மா முந்திக்கொண்டாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை வேறு. "இவரா? தலைவலிக்குக் கூட மாத்திரை தொட மாட்டார்ங்க. ஊசின்னா தெருக்கோடிக்கு ஓடுற ஆளு."

நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் கால் கட்டை விரலை ஆட்டச் சொன்னார்கள். இரண்டையும் ஆட்டினார். இஸ்திரியம்மாவுக்கு மடியில் கட்டி வைத்திருந்த நெருப்பை இறக்கி வைத்தது போல் இருந்தது. முதுகிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து கட்டிலோரம் தொங்குகிற சின்னக் குப்பியில் முடிந்தது. உள்ளே கசிகிற ரத்தம் அதில் வந்து சேரும். அன்று சாயங்காலம் வரைக்கும் அதில் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருந்தது. 

மறுநாள் மத்தியானம், பார்வையாளர்களை விடுகிற நேரத்தில், நாத்தனார் வந்தாள். விசிலும் வந்திருந்தான். குப்பியை மாற்றியிருந்தார்கள். புதுக் குப்பியில் அடியில் ஒரு கோடு போலத்தான் ரத்தம். காலையிலிருந்து அதே கோடு.

"பாத்தியா, காஞ்சு போச்சு. என் தம்பிக்கு ஆறுற உடம்பு. சின்ன வயசுல தென்ன மட்டையால வாங்கின அடியே அடுத்த நாள் தெரியாது" என்றாள் நாத்தனார்.

"யாரு அடிச்சது?" என்றான் விசில்.

"நாந்தான்."

விசில் வாய்விட்டுச் சிரித்தான். பீரோவும் சிரித்தார். ஆனால் அவர் முகத்தில் எண்ணெய் தடவியது போல் வியர்வை இருந்தது. "வலிக்குதாங்க?" என்று இஸ்திரியம்மா கேட்டதற்கு, "முதுகுல கொஞ்சம். புதுசா அறுத்த எடம் இல்லையா" என்றார். அதற்குச் சற்று முன்னால்தான் நர்ஸ் வந்து இரண்டு பாதத்தையும் தொட்டுத் தொட்டு, "இங்க தெரியுதா, இங்க தெரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். தெரியுது, தெரியுது என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். விரலை ஆட்டச் சொன்னபோது, "இப்பத்தாம்மா ஆட்டினேன், அசந்து வருது, கொஞ்ச நேரம் கழிச்சு வாயேன்" என்று கெஞ்சினார். பக்கத்துக் கட்டிலில் யாரோ வாந்தி எடுக்க, நர்ஸ் இதோ வருகிறேன் என்று அங்கே ஓடினாள்.

விசில் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான். மூடி போட்ட காகிதக் கோப்பைகள், மூடித் துளையில் ஆவி பறந்தது. வைக்க இடமில்லாமல், அவன் மாமாவுடைய டீயைக் கட்டிலின் கால்மாட்டில் விரிப்பின் மேல் வைத்தான். நாத்தனார் உட்கார நகர்ந்தபோது விரிப்பு இழுபட்டு, கோப்பை சரிந்து, பீரோவின் வலது பாதத்தில் சாய்ந்துகொண்டது. யாரும் கவனிக்கவில்லை. நாத்தனார் தன் சம்பந்தி வீட்டுக் கதையை ஆரம்பித்திருந்தாள். பீரோ உம் கொட்டிக்கொண்டிருந்தார்.

"டீ ஆறிடும், எடுத்துக் குடு" என்று யாரோ சொல்ல, இஸ்திரியம்மா கோப்பையை எடுக்கக் கை நீட்டினாள்.

தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுக் காய்த்த அவள் விரலுக்கே அந்தச் சூடு தாங்கவில்லை. பிறகுதான் பாதத்தைப் பார்த்தாள். கோப்பை சாய்ந்திருந்த இடத்தில் தோல் ரத்தச் சிவப்பாகக் கன்றியிருந்தது. மூடியோரம் டீ கசிந்து விரல் இடுக்கில் இறங்கியிருந்தது. பாதம் அப்படியே கிடந்தது, யாருடைய பாதமோ போல.

"என்னங்க... சுடலையா?"

"எது?" என்றார் பீரோ.

 இஸ்திரியம்மா அவருடைய கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். இன்னொரு கையால் அந்தக் கன்றிய இடத்தையே நகத்தால் அழுத்தினாள்.

"இப்ப எங்க தொடுறேன், சொல்லுங்க."

அவர் அவளுடைய கையை விலக்கப் பார்த்தார்.

"எங்க தொடுறேன்னு கேக்கறேன்ல!"

"கைய எடு, பாத்துச் சொல்றேன்" என்றார் அவர், குழந்தை மாதிரி.

நாத்தனார் பாதிக் கதையோடு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். விசில் எழுந்து நின்றுவிட்டான். இஸ்திரியம்மா போட்ட கூச்சலில் பக்கத்துக் கூடத்திலிருந்த நர்ஸ்கூட ஓடி வந்தாள். முன்னே கேட்டுவிட்டுப் போன நர்ஸ் வந்து, கண்ணை மூடச் சொல்லித் தொட்டாள். தொடையில் தொட்டாள், பாதத்தில் தொட்டாள், பிட்டத்தில் தொட்டாள். அவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. விரலை ஆட்டச் சொன்னாள். இடது கட்டை விரல் நூலால் இழுத்தது போல் ஒரு இழை அசைந்தது. வலது பக்கம் அதுவும் இல்லை. நர்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. "தெரியுதுன்னு சொன்னீங்களே ஐயா, எங்கிட்டத் தெரியுதுன்னு சொன்னீங்களே" என்று சொல்லிக்கொண்டே போனுக்கு ஓடினாள்.

"உங்கையப் பாத்துத்தாம்மா சொன்னேன்" என்றார் பீரோ, அவள் போன திசையைப் பார்த்து.

டாக்டரம்மா வேகு வேகென்று வந்தார். காய்ந்து கிடந்த குப்பியைப் பார்த்தார், குழாயைத் தடவிப் பார்த்தார். குழாய்க்குள் ரத்தம் கட்டி அடைத்திருந்தது. வெளியே வர வேண்டியது உள்ளேயே தேங்கியிருக்கிறது. நாத்தனார் ஆறிவிட்டது என்று மெச்சிய குப்பி அது.

"எப்பலேர்ந்து கால் தெரியல?"

பீரோ மனைவியைப் பார்த்தார். "பல் தேய்க்கும்போதே."

"காலையிலேர்ந்தா? ஏன் சொல்லல?"

அவர் விழித்தார். அப்படியொரு கேள்வி இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாதது போல. "இன்னும் எறக்கி வைக்கலையேம்மா" என்றார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விசிலுக்குப் புரிந்தது. அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள். வெளியே வந்த டாக்டரம்மா நின்றபடியே சொன்னார். "முதுகெலும்புக்குள்ள நரம்பு போற வழி ரொம்பக் குறுகல். அங்க ரத்தம் கசிஞ்சு, கட்டியா உறைஞ்சு, நரம்ப நசுக்குது. உடனே திறந்து எடுக்கணும்."

"எடுத்துட்டா நடப்பாருங்களா?"

"சொல்ல முடியாதும்மா. எவ்வளவு நேரம் நசுங்கிக் கிடந்துச்சுங்கிறதப் பொறுத்தது. சில பேருக்குத் திரும்ப வரும், சில பேருக்கு வராது. ரத்தம் தேவைப்படும். குடுக்க ஆள் இருந்தா அனுப்புங்க."

'நடந்தாப் போதும், இல்ல?' என்று அவர் கேட்டது அவள் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது. தள்ளுகட்டிலில் போகும்போது அவர் அவளுடைய கையைப் பிடிக்கக்கூட இல்லை. கூரையைப் பார்த்தபடி போனார். காலை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள், கத்தினால் மற்றதையும் எடுத்துக்கொள்வார்கள் என்பது போல் பேசாமல் போனார்.

ரத்தம் எடுக்கிற இடம் கீழ்த்தளத்தில் இருந்தது. இஸ்திரியம்மாவும் விசிலும் போய் உட்கார்ந்தார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இஸ்திரியம்மாவின் கையில் பட்டையைச் சுற்றியபடி வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். காய்ச்சல் வந்ததா, எடை குறைந்ததா.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் கிடையாதுங்க" என்றாள் இஸ்திரியம்மா.

சொன்ன வார்த்தையின் ஈரம்கூடக் காயவில்லை. அன்று காலை ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், முதல் நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றதில் கால் கடுத்ததென்று தம்பியிடம் பாதி வெள்ளை வாங்கிப் போட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது. அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருந்தது. வாயில் கசப்பை வைத்துக்கொண்டே ஒன்றும் கிடையாது என்று சொல்லியிருக்கிறாள். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அவரும் இதையேதான் சொன்னார். இதே வார்த்தை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்து ஊதினாள்.

 கையில் சுற்றிய பட்டையோடு எழுந்துவிட்டாள்.

"ஏங்க... வெள்ளை மாத்திரையில சேத்தியா?"

"எந்த வெள்ளைம்மா?"

"டேய், எடுடா. சட்டப் பையில வச்சிருக்கியே, அத எடு."

விசில் எடுத்து நீட்டினான். கண்ணாடிக்கார அம்மாள் அட்டையைத் திருப்பிப் படித்தாள். "இது ரத்தத்தச் சீக்கிரம் உறைய விடாது. ஆபரேஷன் பண்றவங்க தொடவே கூடாது. இத யாரு போட்டது?"

இஸ்திரியம்மா தம்பியைப் பார்த்தாள். "மாமாவுக்குக் குடுத்தியா?"

"அது வந்து அக்கா... எப்பவும் போடுறதுதானே."

"ஆபரேஷனுக்கு முன்னாடி குடுத்தியான்னு கேக்கறேன்."

"அவருதான் கேட்டாரு. பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறப்ப. 'பெரிய சாமான் ஏத்தப் போறாங்கடா, ரெண்டு குடு'ன்னாரு. தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்கல்ல, தண்ணியே தொடல அக்கா. அப்படியே மென்னுதான் முழுங்கினாரு." அவன் தண்ணீர் விஷயத்தைச் சொல்லும்போது நல்ல காரியம் செய்தவன் மாதிரியே சொன்னான். சொல்லி முடித்தபோதுதான் அவன் முகம் மாறியது. "நேத்து சாயங்காலமும் வலிக்குதுன்னாரு. அப்ப ரெண்டு... அக்கா, அது மாத்திரையா அக்கா?"

அடிக்கத்தான் கை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அடித்தால் யாரை அடிப்பது? தலைவலிக்குக் கூட மாத்திரை தொட மாட்டார் என்று சொன்ன வாய் அவளுடையது.

கண்ணாடிக்கார அம்மாள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். ஆனாலும் இஸ்திரியம்மாவுக்கு உட்கார முடியவில்லை. அட்டையைப் பிடுங்கிக்கொண்டு படியேறி ஓடினாள். லிஃப்டுக்கு நிற்கத் தோன்றவில்லை. இடுப்பில் சொருகியிருந்த புடவை அவிழ்ந்து தரையில் புரண்டது. ஆபரேஷன் அறைக் கதவில் இரண்டு கையாலும் தட்டினாள். பச்சை உடுப்புப் போட்ட ஒருத்தி கதவைத் திறந்து, கடுகடுவென்று ஏதோ சொல்ல வாயெடுத்து, இவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"இது போட்டிருக்காரு. நேத்து காலையிலயும் போட்டிருக்காரு, சாயங்காலமும் போட்டிருக்காரு. வருஷக்கணக்காப் போட்டிருக்காரு. டாக்டரம்மாகிட்டக் காட்டுங்க. நாங்க மறைக்கல தாயி, எங்களுக்குத் தெரியல."

அட்டையை வாங்கிக்கொண்டு கதவு மூடியது.

வெளியே பெஞ்சியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் பிடித்துக்கொண்டாள். "உன் தம்பி வெஷத்தக் குடுத்திருக்கான்! சின்னப் பையன்லேர்ந்து என் தம்பி தோள்ல ஏறிக்கிட்டு வந்தவன், கடைசியில அவன் காலயே வாங்கிட்டான்! ஒரு மாத்திரை எது, மிட்டாய் எதுன்னு தெரியாதாடா ஒனக்கு? லாரி ஓட்டத் தெரியுது, விசிலடிக்கத் தெரியுது!"

விசில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இஸ்திரியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணி, உங்க முட்டிவலிக்கு என்ன போடுறீங்க?"

"நான் என்ன போடுறேன்? நான் ஒண்ணும்..."

நாத்தனார் அங்கேயே நிறுத்திவிட்டாள். அவளுடைய கை தானாகப் போய் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதற்குள்ளும் ஒரு அட்டை இருந்தது. பீரோ கொடுத்தது. மாசம் பிறந்தால் தவறாமல் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவார். மூன்று பேரும் அந்தப் பையையே பேயறைந்தவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

நெடுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். முகமூடியின் கோடு கன்னத்தில் பதிந்திருந்தது.

"கட்டிய எடுத்தாச்சு. ஆனா தொட்ட எடமெல்லாம் கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஏன் நிக்கலன்னு தெரியாம முழிச்சோம். நீங்க சொன்ன பிறகுதான், ரத்தம் உறைய வேண்டியத வரவழைச்சு ஏத்தி, நிறுத்தினோம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இத நாங்க கேட்டோமேம்மா. கேட்டுக் கேட்டுத்தானே சேத்தோம்."

"கேட்டீங்க" என்றாள் இஸ்திரியம்மா. "நாந்தான் இல்லன்னு சொன்னேன்."

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "கால் வருமா வராதான்னு இப்பச் சொல்ல மாட்டேன். பொறுத்துத்தான் பாக்கணும்" என்று சொல்லி, அவளுடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அடுத்து வந்த நாட்களை இஸ்திரியம்மா பாதத்தைப் பார்த்தே கழித்தாள். முகம் பார்த்துப் பேசவில்லை. கால்மாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். கன்றிய தோல் கொப்பளித்து, கொப்பளம் வற்றி, தோல் உரிந்தது. அந்தப் புண்ணுக்கு மருந்து வைக்கும்போதுகூட அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்க்கிறவர்களுக்கு எரிந்தது, அவருக்கு எரியவில்லை. வெள்ளை எதனால் கூடாது என்று டாக்டரம்மா அவரிடமே விளக்கிச் சொன்னபோது, அவர் அதிர்ந்துபோய், "டப்பா லாரியிலதானே இருக்கு? மத்தப் பசங்க எடுக்கப் போறாங்க" என்றார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசில் அன்றைக்கே போய் டப்பாவைக் காலி பண்ணினான். ஸ்டாண்டில் நின்ற மற்ற லாரிக்காரர்களிடம் சொன்னான். அவர்கள் நம்பவில்லை. "போடா, வெள்ளைய போய் யாராவது மாத்திரைம்பாங்களா?" என்றார்களாம்.

முதலில் இடது பாதம் வந்தது. கட்டை விரல் அசைந்தது, பிறகு கணுக்கால். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்தவர் அதைப் பார்த்துத் தட்டிக் கொடுத்தார். வலது கால் மட்டும் மரக்கட்டை மாதிரி கிடந்தது. ஊசி முனையால் தொட்டார்கள், ஐஸ் வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, "தெரியல" என்றார். பொய் சொல்வதை மட்டும் விட்டுவிட்டார். அதுவரைக்கும் ஒரு ஆறுதல்.

அவரை நிறுத்திப் பார்க்கலாம் என்று ஒரு நாள் முடிவு பண்ணினார்கள். நான்கு கால் உள்ள இரும்புச் சட்டத்தை முன்னால் வைத்தார்கள். பயிற்சிக்காரர் பின்னால் நின்றுகொண்டார். இடது பக்கம் இஸ்திரியம்மா, வலது பக்கம் விசில். "மாமா, மெதுவா, ரெண்டு பக்கமும் ஒண்ணா" என்றான் விசில், பழக்க தோஷத்தில், ஏதோ அலமாரியைத் திருப்புகிறவன் மாதிரி. "எடு... எடு... நேரா."

பீரோ எழுந்தார். எழுந்தார் என்றால், மூன்று பேர் சேர்ந்து அவரை எழுப்பினார்கள். இத்தனை வருஷம் ஊரார் வீட்டையெல்லாம் முதுகில் சுமந்தவர், தன் உடம்பைத் தானே தூக்க முடியாமல் சட்டத்தில் தொங்கினார். நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது.  இஸ்திரியம்மா அவருடைய வாயையே பார்த்தாள். தாடை இறுகி இறுகித் தளர்ந்தது. அந்த மௌனம் அவளுக்குப் பழக்கமான மௌனம். பல் தேய்க்கும்போதே கால் போனதை மத்தியானம் வரைக்கும் விழுங்கி வைத்த மௌனம் அது.

"சொல்லுங்க" என்றாள். "என்ன பண்ணுதோ சொல்லித் தொலைங்க. யாரும் கைய விட மாட்டோம்."

அவர் கண்ணை இறுக்கி மூடினார்.

"கனமா இருக்கு" என்றார்.

விசிலுக்கு உடம்பெல்லாம் ஒரு உலுக்கு உலுக்கியது. சுமை தோளில் இருக்கும்போது அந்த வார்த்தையை மாமாவின் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. அவனுடைய முழங்கால் ஒரு கணம் தளர்ந்தது. ஆனால் பிடி தளரவில்லை. அவருடைய அக்குளில் கொடுத்திருந்த கையை இன்னும் மேலே ஏற்றி இறுக்கிக்கொண்டான்.

"எறக்கிடலாமா மாமா?"

"வேணாம், இரு."

இஸ்திரியம்மாவுக்குத்தான் சட்டென்று உறைத்தது. இல்லாத ஒன்று எப்படிக் கனக்கும்? அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். இரண்டு பாதமும் தரையில் இருந்தன. வலது பாதத்தில் அந்தத் தீப்புண்ணின் தழும்பு, புதுத் தோலோடு இளஞ்சிவப்பாக இருந்தது.

"எங்க கனக்குது? எந்தக் காலு?" என்று நிமிராமலே கேட்டாள்.

அவர் கண்ணைத் திறக்காமலே யோசித்தார். குனிந்து பார்த்துவிட்டுச் சொல்லக் கூடாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"இடதுல கனம்" என்றார். பிறகு, நிச்சயமில்லாத ஒன்றைச் சொல்லப் பயந்தவர் போல் மெதுவாக, "வலதுல... எரியுதுடி. பெருவிரலுக்கிட்ட. சுடுது."